அக்ரிலிக் நகம் கற்கும் மாணவிக்கு: பிரைமரை விடுங்கள், உருண்டையின் ஈரத்தைப் பாருங்கள்

கேள்வி: நகக்கலைப் பயிற்சியில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. டிப் (ஆயத்த பிளாஸ்டிக் நுனி) ஒட்டுவது ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் ஃபார்ம் (நகநுனிக்கு அடியில் பொருத்தும் காகித அச்சு) வைத்து அக்ரிலிக்கால் நகத்தை உருவாக்கத் தொடங்கியதிலிருந்து எதுவும் சரியாக வரவில்லை. ஒரு கையை முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் ஃபைல் போடுவதிலேயே போய்விடுகிறது. தோழிக்குப் போட்டுவிட்ட நகங்கள் ஒரு வாரத்துக்குள் கியூட்டிகிள் (நகம் தொடங்கும் இடத்துத் தோலோரம்) பக்கத்தில் தூக்கிக்கொண்டன. சில நாட்களாக என் வலக்கை ஆள்காட்டி விரலின் நுனியிலும் மணிக்கட்டிலும் அரிப்பு வேறு. உடன் படிப்பவர்கள், "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்" என்கிறார்கள். விலை கூடிய பிரைமர் (அக்ரிலிக் பிடிக்க நகத்தில் முன்னதாகப் பூசுவது) வாங்கினால் நகம் தூக்குவது நிற்குமா? அல்லது அக்ரிலிக்கை விட்டு ஜெல்லுக்கு மாறிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது பிரைமரையும் ஜெல்லையும் பற்றி. ஆனால் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிச் சென்ற அந்த அரிப்பைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "பழகிவிடும்" என்று உடன் படிப்பவர்கள் சொன்னதை தயவுசெய்து நம்பாதீர்கள். நகப் பொருள்களில் இருக்கும் அக்ரிலேட் என்னும் வேதிப்பொருளால் வரும் ஒவ்வாமை பழகப் பழகக் குறைவதில்லை. ஒவ்வொரு முறை தோலில் படும்போதும் கூடிக்கொண்டுதான் போகும்.

அக்ரிலிக் நகத்துக்காக நாம் பவுடரோடு கலக்கும் லிக்விட், மெத்தாக்ரிலேட் என்னும் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பவுடரோடு சேர்ந்து முழுமையாக இறுகியபின் அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகப் பிணைந்துவிடுவதால் பெரும்பாலும் யாருக்கும் தொல்லை தருவதில்லை. இறுகாத நிலையில் அவை மிகச் சிறியவை. தோலுக்குள் எளிதாகப் புகுந்து, உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றைப் பகையாக அடையாளம் கண்டுகொள்ளும்படி செய்துவிடும். அப்படி ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால், பொதுவாக வாழ்நாள் முழுவதும் அந்த நினைவு அழியாது. இந்தத் தொழிலைக் கைவிட வேண்டியிருக்கும் என்பது மட்டுமே அதன் விளைவு என்று எண்ணிவிடாதீர்கள். பல் மருத்துவர் அடைக்கும் பொருள்களிலும், மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் எலும்புச் சிமென்டிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் இருப்பதால், நாளைக்கு உங்களுக்கே தேவைப்படும் ஒரு சிகிச்சையில் இது குறுக்கே வந்து நிற்கக்கூடும். ஆகவே இன்றே வேலையை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். நகப் பயிற்சி பெறுவதை அவரிடம் தெளிவாகச் சொல்லி, நீங்கள் கையாளும் லிக்விட், பிரைமர், ஜெல் ஆகியவற்றின் உட்பொருள் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். இது வெறும் எரிச்சலா, ஒவ்வாமையா என்பதை ஒட்டுப் பரிசோதனை (பொருளைச் சிறிதளவு தோலில் ஒட்டிப் பார்ப்பது) செய்து அவர்தான் சொல்ல முடியும். அவர் சொல்லும்வரை எந்தப் பொருளையும் தொடாதீர்கள்.

ஜெல்லுக்கு மாறலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை வந்துவிடுகிறது. ஜெல்லும் அதே அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் குடும்பம்தான். லிக்விட்–பவுடருக்குப் பதிலாக விளக்கின் ஒளி அதை இறுகச் செய்கிறது, அவ்வளவே. நகப் பொருள்களால் வரும் ஒவ்வாமையில் அடிக்கடி பெயர் அடிபடும் ஹெமா என்ற பொருள் பல ஜெல்களில் உண்டு. அக்ரிலிக்கில் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் கை, ஜெல்லிலும் தோலைத் தொடத்தான் செய்யும். கையின் பழக்கம் மாறாமல் பொருளை மட்டும் மாற்றுவதால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

இனி, மருத்துவர் அனுமதித்தபின் நீங்கள் மீண்டும் தூரிகையை எடுக்கும் நாளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நீங்கள் நான்கு சிக்கல்களைத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறீர்கள்: நகம் தூக்குகிறது, வடிவம் வருவதில்லை, ஃபைல் போட நேரம் போகிறது, கை அரிக்கிறது. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில், இந்த நான்கும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதாகவே எனக்குப் படுகிறது. லிக்விடில் நனைத்த தூரிகையால் பவுடரைத் தொட்டு நீங்கள் எடுக்கும் உருண்டையில் லிக்விட் அதிகமாக இருக்கிறது.

அது எப்படி நான்கு தொல்லைகளாகிறது என்று பாருங்கள். பவுடரில் பென்சாயில் பெராக்சைடு என்னும் தொடக்கப் பொருள் கலந்திருக்கிறது. அதைத் தூண்டிவிடும் பொருள் லிக்விடில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும்போதுதான் இறுகுதல் தொடங்குகிறது. லிக்விட் மிகுந்தால், அத்தனை லிக்விடையும் பிணைக்கப் போதுமான தொடக்கப் பொருள் அந்த உருண்டையில் இராது. மேலே தட்டிப் பார்த்தால் கெட்டியாகத் தோன்றினாலும் உள்ளே பிணையாத லிக்விட் மிச்சமிருக்கும். இறுகும்போது சுருங்குவதும் கூடும். ஈரமான உருண்டை நகத்தில் வைத்த இடத்தில் நிற்காமல் ஓடிப் பக்கச்சுவரிலும் கியூட்டிகிள் ஓரத்திலும் தோலைத் தொட்டுவிடும். தோல் அசைந்துகொண்டே இருப்பது, நகம் அசையாதது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஓரம் முதலில் விட்டுக்கொடுக்கும். உங்கள் தோழியின் நகங்கள் கியூட்டிகிள் பக்கத்திலேயே தூக்கியதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஓடிய பொருளில் மேடு இராது, நடுவில் பள்ளமும் ஓரத்தில் தடிப்புமாக நிற்கும். அதைச் சரிசெய்ய நீங்கள் ஃபைலை எடுக்கிறீர்கள். அரைகுறையாக இறுகிய பொருளை நெடுநேரம் ஃபைல் போட்டால், பிணையாத லிக்விடைச் சுமந்த தூள் மேசை முழுவதும் படியும். அதன்மேல்தான் உங்கள் மணிக்கட்டு ஊன்றியிருக்கிறது.

ஆள்காட்டி விரல் நுனிக்கு என் ஊகம் வேறு. தூரிகையின் முனை பிரிந்துகொள்ளும்போது அதை விரலால் உருட்டிக் கூராக்கும் வழக்கம் உங்களுக்கு உண்டா என்று கவனியுங்கள். மாணவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது அது. லிக்விடில் நனைந்த தூரிகையை வெறும் விரலால் தொடுவது, லிக்விடைத் தோலில் தேய்ப்பதற்குச் சமம். முனையைக் கூராக்க வேண்டுமானால் துகள் உதிராத துணியின்மேல் சாய்த்து இழுங்கள். நைட்ரைல் கையுறை அணியுங்கள். ஆனால் லிக்விட் அதையும் சில நிமிடங்களில் ஊடுருவக்கூடியது என்பதால், கையுறையில் லிக்விட் பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள். மணிக்கட்டை மூடும் நீண்ட கையும், அடிக்கடி மாற்றும் மேசை விரிப்பும் வேண்டும்.

உருண்டை எடுப்பதை ஒரு தனிக் கலையாகவே பழகுங்கள். தூரிகையை லிக்விடில் முழுவதுமாக அமிழ்த்தி, உள்ளிருக்கும் காற்று வெளியேறும்வரை அழுத்துங்கள். பிறகு கிண்ணத்தின் விளிம்பில் இரு பக்கமும் ஒற்றி, சொட்டாத அளவுக்கு லிக்விடை வடித்துவிடுங்கள். முனையை மட்டும் பவுடரில் வைத்துச் சிறு கோடாக இழுத்து வெளியே எடுத்தபின், ஓரிரு விநாடி அப்படியே நிறுத்தி, பவுடர் லிக்விடை உறிஞ்சிக்கொள்ள விடுங்கள். பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டுத் தவறவிடுவது இந்த ஓரிரு விநாடியைத்தான். நல்ல உருண்டை தூரிகையின் முனையில் தொங்காமல் அமர்ந்திருக்கும்; அதன் மேற்பரப்பில் ஈரம் வழியாது, மெல்லிய பளபளப்பு மட்டும் தெரியும். நகத்தில் வைத்ததும் சில விநாடிகள் குவிந்தே நின்று, பிறகு தானாக மெதுவாகத் தணியும். வைத்த கணமே பரவிவிட்டால் லிக்விட் அதிகம். வெண்மையாக, மணல் மணலாக, தூரிகைக்கு அசையாமல் நின்றால் குறைவு. பொதுவாக ஒரு பங்கு பவுடருக்கு ஒன்றரைப் பங்கு லிக்விட் என்பது நடுத்தர ஈரம். ஆனால் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரு நிறுவனத்தின் பவுடரையும் இன்னொரு நிறுவனத்தின் லிக்விடையும் கலக்காதீர்கள். பவுடரில் எவ்வளவு தொடக்கப் பொருள் என்பது அதற்குரிய லிக்விடைக் கணக்கிட்டு வைக்கப்பட்டது. அறையின் குளிரும் வெப்பமும் இதில் குறுக்கிடும். குளிர்ந்த அறையில் அதே உருண்டை படிகம் படிகமாக வெளுக்கும், வெப்பமான அறையில் நீங்கள் அழுத்தி முடிப்பதற்குள் இறுகிவிடும். ஆகவே அறை மாறினால் கையையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதைப் பழக யாருடைய விரலும் தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் தாளின்மேல் வரிசையாகப் பத்து உருண்டைகள் வையுங்கள், வைத்தபின் தொடாதீர்கள். ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். பத்தும் ஒரே அளவில், ஒரே குவிவோடு இருக்க வேண்டும். அவை ஒன்றுபோல வரும்வரை நகத்துக்குப் போகாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் உங்களுடைய இரண்டு மணி நேரத்தைக் குறைக்கப்போவது இதுதான்.

அடுத்தது ஃபார்ம். அக்ரிலிக் நகம் 1950-களில் பல் மருத்துவத்தின் அக்ரிலிக்கிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்திலும் நகத்தின் நீளத்தைத் தாங்கிப் பிடிக்க அடியில் ஏதேனும் ஒரு தளம் வேண்டியிருந்தது. இன்றைய காகித ஃபார்மின் வேலையும் அதுவே. ஆனால் அச்சடித்து வரும் ஃபார்ம் எந்த விரலுக்கும் அப்படியே பொருந்தாது. விரல்நுனித் தோலின் வளைவுக்கேற்ப அதை வெட்டித் திருத்துங்கள். நகத்தின் நுனிக்கும் ஃபார்முக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால், அந்த வழியாக அக்ரிலிக் அடியில் இறங்கி உள்தோலைத் தொடும். பொருத்தியபின் மூன்று பக்கத்திலிருந்து பாருங்கள். மேலிருந்து பார்க்கையில் ஃபார்மின் நடுக்கோடு விரலின் நடுக்கோட்டோடு சேர வேண்டும் (நகம் கோணலாக வளர்ந்திருந்தால் நகத்தை நம்பாமல் விரலை நம்புங்கள்). பக்கவாட்டில் நகத்தின் சாய்வு முறியாமல் ஃபார்மில் தொடர வேண்டும். எதிரிலிருந்து பார்க்கையில் வளைவு இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஃபார்ம் சாய்ந்திருந்தால் நகமும் சாய்ந்தேதான் வரும், எத்தனை ஃபைல் போட்டாலும் அது நிமிராது. ஃபார்மில் கூடுதலாகச் செலவிடும் ஒரு நிமிடம் ஃபைலில் பல நிமிடங்களைத் திருப்பித் தருகிறது.

உருண்டைகளை வைக்கும் முறையை உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். நான் சில இடங்களை மட்டும் தொடுகிறேன். முதல் உருண்டை நகம் முடிந்து ஃபார்ம் தொடங்கும் இடத்தில் வந்து நீளத்தைத் தருகிறது. இரண்டாவது, நகம் சதையை விட்டுப் பிரியும் இடத்துக்கு மேலே அமர்ந்து, ஏபெக்ஸ் என்று நாம் சொல்லும் உச்சத்தைத் தருகிறது. நகம் எதிலாவது இடிபடும்போது விசை முழுவதும் வந்து சேர்வது அங்கேதான். அந்த இடம் மெலிந்திருந்தால், நீண்ட நகம் நெம்புகோலாக மாறி இயற்கை நகத்தையும் சேர்த்து முறிக்கும். நீளம் கூடக் கூட உச்சமும் கூட வேண்டும். கற்கும் காலத்தில் குட்டையான நகமே போடுங்கள். மூன்றாவது உருண்டை மற்ற இரண்டையும்விடச் சிறியது. அதைக் கியூட்டிகிளை ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்து, தூரிகையின் முனையால் மெதுவாக ஓரத்தை நோக்கித் தள்ளி, தோலைத் தொடுவதற்கு முன் ஒரு மயிரிழை இடைவெளியோடு நிறுத்துங்கள். தப்பித் தவறித் தோலில் பட்டுவிட்டால், இறுகுவதற்குள் மரக்குச்சியின் முனையால் நீக்கிவிடுங்கள். "பிறகு ஃபைல் போட்டுக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். அந்த மயிரிழை இடைவெளிதான் உங்கள் வாடிக்கையாளரின் தோலைக் காப்பதும், நகத்தைத் தூக்காமல் வைத்திருப்பதும்.

பூசுவதுபோலத் தூரிகையை முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள். தூரிகையின் வயிற்றுப்பகுதியால் அழுத்தி நகர்த்துங்கள். இறுகத் தொடங்கிய பொருளைத் தூரிகையை நனைத்து நனைத்து மென்மையாக்க முயல்வது, வெளியே நிறுத்திய ஈரத்தைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவதாகும்.

இப்போது பிரைமர். அது பசை அன்று. நகத்தட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே பிடிப்பைக் கூட்டுவது மட்டுமே அதன் வேலை. தோலைத் தொட்டு நிற்கும் அக்ரிலிக்கை எந்த விலைப் பிரைமரும் பிடித்து நிறுத்த முடியாது. அமில வகைப் பிரைமர் தோலைச் சுடும். ஆகவே எந்த வகையானாலும் மிகச் சிறிதளவு, நகத்தட்டில் மட்டும். பிரைமரைவிட அதற்கு முந்தைய தயாரிப்பு முக்கியமானது. நகத்தட்டின்மேல் ஒட்டிக்கொண்டு வளரும் ஒளி ஊடுருவும் மெல்லிய இறந்த தோலை, கண்ணுக்குத் தெரியாத அதன் ஓரம்வரை, மெதுவாக நீக்க வேண்டும். அதன்மேல் வைத்த அக்ரிலிக் அதனோடு சேர்ந்தே பெயர்ந்து வரும். நகம் தொடங்கும் இடத்தில் இருக்கும் உயிருள்ள தோல் மடிப்பை வெட்டாதீர்கள், அது கிருமிகளுக்கு எதிரான காவல். பிறகு 180 அல்லது 240 எண் ஃபைலால் பளபளப்பை மட்டும் எடுங்கள். பிடிப்பு வேண்டும் என்று சொரசொரப்பாக அரைத்தால் நகத்தட்டு மெலிகிறது. மெலிந்த நகம் வளைகிறது. வளையும் நகத்தின்மேல் வளையாத அக்ரிலிக் நிற்பதில்லை. தூளைத் துடைத்து, டீஹைட்ரேட்டர் (நகத்தின் ஈரத்தையும் எண்ணெயையும் போக்கும் திரவம்) போட்டபின் அந்த நகத்தை உங்கள் விரலோ வாடிக்கையாளரின் விரலோ தொடக்கூடாது.

பிரைமருக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல கொலின்ஸ்கி (விலங்கு முடியால் ஆன) தூரிகை ஒன்றில் போடுங்கள். கற்பவருக்கு 8-ஆம் எண் போதும். அதை லிக்விடில் மட்டுமே கழுவுங்கள், அசிட்டோனில் கழுவினால் முடி வறண்டு பிரிந்துவிடும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நீங்கள் பயிலும் இடத்தில் தரப்படும் லிக்விடின் உட்பொருள் என்ன என்று கேளுங்கள். எத்தில் மெத்தாக்ரிலேட் என்று இருக்க வேண்டும். மெத்தில் மெத்தாக்ரிலேட் என்பது வேறு; மலிவாகக் கிடைக்கும், கடுமையாக நெடியடிக்கும், இறுகியபின் மிகக் கெட்டியாகி அசிட்டோனில் எளிதில் கரையாது, அடிபட்டால் தான் உடையாமல் இயற்கை நகத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். நகங்களும் தோலும் பாதிக்கப்பட்டதாக வந்த புகார்களை அடுத்து, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1970-களிலேயே முழுக்க மெத்தில் மெத்தாக்ரிலேட்டால் ஆன நகப் பொருள்கள்மீது நடவடிக்கை எடுத்தது. பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் வரும் லிக்விடை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காற்றோட்டமும் அவசியம், முகக்கவசம் தூளைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. லிக்விட் கிண்ணத்துக்கும் குப்பைத் தொட்டிக்கும் மூடி இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. பக்கத்து மேசையில் இருப்பவர் முடித்து எழுந்துவிடும்போது நம் கை நடுங்கும். ஆனால் ஓர் அமர்வில் பத்து நகங்களை அரைகுறையாக முடிப்பதைவிட, இரண்டே இரண்டு நகங்களை ஃபார்ம் முதல் கடைசியில் மெருகேற்றும் பஃபர் வரை சரியாக முடிப்பதே கையைப் பழக்கும். தூரிகையின் கைப்பிடியால் தட்டினால் கணீரென்று ஒலி வந்தபின் ஃபைலைத் தொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். உருண்டை சரியாக அமைந்த நகத்துக்குப் பக்கங்கள், நுனி, பிறகு மேற்பரப்பு என்று சில இழுப்புகளே போதும்.

கடைசியாக, உங்கள் தோழியின் விரல்களில் இப்போது தூக்கி நிற்கும் நகங்கள். அவற்றைப் பசை விட்டு ஒட்டாதீர்கள். மேலே புதிய அக்ரிலிக் வைத்து மூடவும் வேண்டாம். அந்த இடுக்கில் ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா வளர்ந்து நகத்தில் பச்சைக் கறையை உண்டாக்கும். அவரும் அவற்றைப் பிய்த்து எடுக்கக் கூடாது. பிய்த்தால் நகத்தட்டின் மேலடுக்குகளும் உடன் வரும், அவை முழுவதும் வளர்ந்து மாற ஏறத்தாழ 6 மாதங்கள் ஆகும். உங்கள் கை குணமாகும்வரை நீங்கள் தொடாமல், ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மேற்பகுதியை ஃபைலால் மெலிதாக்கி, சுற்றியுள்ள தோலில் வாஸ்லின் தடவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துச் சுற்றி, 20 முதல் 30 நிமிடம் ஊறவிட்டால் பொருள் மென்மையாகித் தள்ளினாலே வந்துவிடும். வராவிட்டால் இன்னும் ஊற வேண்டும், சுரண்டக் கூடாது. கழற்றியபின் நகத்தில் நிறமாற்றமோ வலியோ சதையிலிருந்து பிரிவோ தெரிந்தால், அதற்குப் பெயர் சூட்டுவது நம் வேலையன்று. மருத்துவரிடம் அனுப்புங்கள், புதிதாக எதையும் போடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன்பு மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு நகமும் எந்த இடத்தில் தூக்கியிருக்கிறது என்று ஒரு தாளில் பத்து நகங்களையும் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். கியூட்டிகிள் ஓரத்திலும் பக்கச்சுவரிலும் மட்டும் தூக்கியிருந்தால் பொருள் தோலைத் தொட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஓரம் பிடித்திருக்க நடுவில் வெளுத்த திட்டுகள் தெரிந்தால் நகத்தில் எண்ணெயோ ஈரமோ மிச்சமிருந்திருக்கும், அல்லது உருண்டை வறண்டிருக்கும். நுனிப்பக்கம் பிரிந்திருந்தால் ஃபார்ம் பொருந்திய விதத்தையும் நகத்தின் நீளத்தையும் பாருங்கள். அந்தத் தாளை ஆசிரியரிடம் காட்டி, எந்த விரலில் என்ன நடந்தது என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மருத்துவரைப் பார்த்தபின் அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.